விளாங்குடிச் சட்டை

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய ஊர்களில் ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவன் சும்மா இருக்கமாட்டான். "என்ன மாப்ள, விளாங்குடி வந்துருச்சா?" என்பான். கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் இதே கேள்விதான், போலீஸ் கச்சேரிக்குக் கிளம்பினாலும் இதே கேள்விதான். கேட்கிறது பொம்பளையாக இருந்தால் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள்: "கன்னத்தப் பாத்துக்க."

முதல் பாதிக்குக் காரணத்தை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆவாரம்பட்டி எல்லைக் கருப்பு வெறும் மேலோடு நிற்கிற சாமி. சாமியே அப்படி நிற்கும்போது மனுசன் சட்டையோடு அவரைக் கடந்து போனால் நன்றாயிருக்குமா? அதனால் அந்த ஊரில் எந்த ஆம்பளையும் சட்டை போடுவதில்லை, வீட்டில் சட்டை வைத்துக்கொள்வதும் இல்லை. ஆனால் மதுரைக்குள் வெறும் மேலோடு போனால் காப்பிக் கிளப்பில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். கச்சேரிச் சேவகன் "தள்ளி நில்லு" என்பான். இந்த இரண்டுக்கும் நடுவே விளாங்குடி இருந்தது. விளாங்குடிப் புளியமரத்தடியில் சோணையம்மாளின் கூழ்க்கடை இருந்தது. கடைக்குள் குறுக்கே கட்டிய கயிற்றில் ஆவாரம்பட்டிக்காரர்களின் சட்டைகள் தொங்கின.

ஊர் ஆம்பளைகள் எல்லாருக்குமாக நாலே சட்டைதான். டவுனுக்குப் போகிறவன் கூழைக் குடித்துவிட்டு எது கைக்கு வந்ததோ அதைப் போட்டுக்கொண்டு போவான். திரும்பும்போது கழற்றி மாட்டிவிட்டு, அவித்த மொச்சை தின்று, ஊருக்கு நடப்பான். நாலில் நல்லது நீலக்கோடு போட்ட சட்டை. நடுவில் ஒரு பொத்தான் போய், சோணையம்மாள் சிவப்புப் பொத்தான் ஒன்றைத் தைத்திருந்தாள். அது குள்ளனுக்கும் சேரும், நெட்டையனுக்கும் சேரும் என்று பேர்.

இரண்டாம் பாதிக்குக் காரணம் சோணையம்மாள் மகள் அன்னக்கொடி.

அந்த வருசம் ஐப்பசி மழை விட்டபாடில்லை. ரோடெல்லாம் செம்மண் குழம்பு. அன்னக்கொடியின் அய்யா விருமாண்டி வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர். முறைக்காய்ச்சல் வந்து கட்டிலில் சுருண்டிருந்தார். குளிர் வரும்போது கட்டில் கயிறே சத்தம் போடும். ஆவாரம்பட்டி வெங்காயம் வண்டியில் ஏற்றிய மூட்டையாகவே நின்றது. இன்னொரு மழை நனைந்தால் அழுகிப்போகும். கூலிக்கு வண்டி ஓட்ட ஆள் தேடினாள் சோணையம்மாள். ஆளுக்கு ஒரு காய்ச்சல்.

"நான் ஓட்டிட்டுப் போறேன் ஆத்தா" என்றாள் அன்னக்கொடி. பதினைந்து வயசு. மயிலையும் செவலையும் அவள் கையால் தவிடு தின்று வளர்ந்த மாடுகள். அய்யா சொல்லிக் கேட்காததைக்கூட அவள் நாக்கைச் சுழற்றினால் கேட்கும்.

"சமஞ்ச பிள்ளைய இருட்டோட மண்டிக்கு அனுப்புனா ஊரு என்னடி சொல்லும்?"

"பிள்ளையின்னு தெரிஞ்சாத்தான சொல்லும்?"

சோணையம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். நீலக்கோட்டுச் சட்டையை எடுத்து மாட்டி, அய்யாவின் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கொண்டையை அமுக்கி முண்டாசு சுற்றிவிட்டாள். "வாயத் தொறக்காத. சரக்க எறக்குனதும் வண்டியத் திருப்பு. நொட்டாங்கையால எதையும் வாங்காத" என்றாள். அன்னக்கொடிக்கு எல்லாமே இடதுகைதான். சூடு போட்டும் மாறவில்லை.

தில்லைநாயகத்தின் வெங்காய மண்டி கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில். விடிய இன்னும் நேரம் இருந்தது. தூணில் ஒரு அரிக்கேன் தொங்கியது. சரக்கெல்லாம் இறங்கியாகிவிட்டது. பின்னால் ஒரு வண்டி நுழைய வழியில்லாமல் சத்தம் போட்டது. தில்லைநாயகம் வெளியே வந்து, "நகத்துடா வண்டிய" என்றார். சேற்றில் சக்கரம் பதிந்திருந்தது. மயிலை முக்கிப் பார்த்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. மூட்டை தூக்கும் கொக்கியை வாங்கி மயிலையின் தொடையில் ஒரு குத்துக் குத்தினார். வெள்ளைத் தோலில் ரத்தம் கோடாக இறங்கியது.

யோசிக்கவெல்லாம் நேரமில்லை. அன்னக்கொடியின் கை அவர் கன்னத்துக்குப் போய்விட்டது. அவர் வெங்காய மூட்டைமேல் விழுந்தார். அரிக்கேன் ஆடியது. அவர் எழுந்து பார்க்கும்போது வண்டி சந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நின்றது நீலக்கோடும் ஒரு சிவப்புப் பொத்தானும்தான்.

வீட்டுக்கு வந்து அன்னக்கொடி எல்லாவற்றையும் ஆத்தாவிடம் சொன்னாள். சோணையம்மாள் மயிலையின் காயத்துக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டாள். சட்டையை அலசிப் பழைய இடத்தில் மாட்டினாள். "இத இத்தோட விடு. ஒங்கய்யாவுக்குக்கூடத் தெரிய வேணாம்" என்றாள்.

அடுத்த சந்தைக்கு நல்லகாமன் வந்தான். ஆவாரம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் மகன். தை பிறந்தால் அவனுக்கும் அன்னக்கொடிக்கும் பேசி முடிப்பது என்று இரண்டு வீட்டிலும் இருந்தது. மாட்டுக்குக் கயிறு வாங்க டவுனுக்குப் போகிறான். அன்னக்கொடி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவன் நீலக்கோட்டில் கையை வைத்தபோது அவள் ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"அது ஈரம் மச்சான். வேறத எடுங்க."

"காஞ்சுதான கெடக்கு?"

"காலரு ஈரம்."

"காலரயா நக்கப் போறேன்?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டான். சிவப்புப் பொத்தானைப் போடும்போது, "மாமன் மகளுக்கு நான் நல்ல சட்ட போட்டாப் பொறுக்கல" என்றான்.

சோணையம்மாள் பின்பக்கம் விறகு எடுக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் அவன் ரோட்டில் இறங்கிவிட்டான்.

உச்சிக்கு முன்னாலேயே, டவுனுக்குப் போயிருந்த முத்திருளன் ஓடி வந்தான். நல்லகாமனுக்குச் சித்தப்பன், பருத்த ஆள். தொடைவரைக்கும் சேறு. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மதினி! நல்லகாமனப் புடிச்சு மண்டித் தூணுல கட்டிப்புட்டாக. மொதலாளிய அறஞ்சவன் இவந்தேன்னு சொல்றாக."

"கட்டிப்புட்டாகளா?"

"ஏட்டு வராராம். கொண்டுபோயி ரேகை வாங்கப் போறாகளாம்."

அதற்குமேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் ஆவாரம்பட்டி ஆம்பளை ஒருவன் ஒருதரம் கட்டைவிரலை உருட்டிவிட்டால் முடிந்தது. அன்றிலிருந்து அவனுக்கு ராத்திரிப் படுக்கை போலீஸ் கச்சேரியில்தான். மழையோ, அறுப்போ, பெண்டாட்டிக்குப் பிரசவமோ, பொழுது இறங்கினால் அங்கே இருக்கவேண்டும். அந்த ஊரில் அப்படிப் படுக்கப் போகிறவர்கள் இருந்தார்கள். நல்லகாமன் தகப்பன் அப்படிப் படுக்கப் போய்த்தான் ஒரு மழைக்காலத்தில் இருமிச் செத்தார்.

கூழ் குடித்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டி கலயத்தைக் கீழே வைத்தார். ஆவாரம்பட்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மீசை காதைத் தொடும். "வண்டியப் பூட்டு" என்றார். கயிற்றிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். முத்திருளன் காலையில் மாட்டிப்போன காக்கிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

அன்னக்கொடிதான் மாட்டைப் பூட்டினாள். முத்திருளன் ஓட்டினான். வண்டியின் பின்பக்கம் ஆத்தாளும் மகளும். தூறல் போட்டுக்கொண்டே வந்தது. வைக்கோல் ஈரத்தில் நாறியது.

"ஆத்தா, நாந்தேன்னு சொல்லிரட்டா?"

"பல்ல ஒடச்சுப்புடுவேன்."

"மச்சான் செய்யாத ஒண்ணுக்கு…"

"எனக்குத் தெரியாதா? நீ சொன்னா என்ன ஆகும்? ஆம்பளச் சட்ட போட்டு, ஆம்பள வேட்டி கட்டி, அசலூரு ஆம்பளைய அறஞ்ச கழுதைய எவன் கெட்டுவான்? ஒங்கத்தக்காரியே வேணாம்பா. ஒங்கய்யா வண்டிய அப்புறம் எந்த மண்டியில விடுவாக?"

"எனக்குப் பயமா இருக்கு ஆத்தா."

"இருக்கட்டும். எனக்கு மட்டும் என்னவாம்?"

"கையெல்லாம் வெடவெடங்குது. அன்னைக்கு ஒண்ணும் தெரியல. இப்பத்தே நடுங்குது."

சோணையம்மாள் அவளுடைய இடதுகையைப் பிடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஆற்றுப் பாலம் வரைக்கும் விடவில்லை.

மண்டிச் சந்தில் கூட்டம் அடைத்திருந்தது. நல்லகாமனைத் தூணில் கட்டியிருந்தது மூட்டை கட்டும் சணல். உதடு வீங்கியிருந்தது. தில்லைநாயகம் மெத்தைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வலது கன்னத்தில் இன்னும் மஞ்சள் பத்து அப்பியிருந்தது. ஏட்டு சாமிக்கண்ணு அப்போதுதான் வந்து, காப்பி வாங்க ஆள் அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். முழங்காலில் வாதம். மழைநாளில் எதையும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்.

"அய்யா" என்று உக்கிரபாண்டி கும்பிட்டார். "பையன் அந்தச் சந்தைக்கு வரவே இல்ல. ஊர்ல வரப்பு கட்டிக்கிட்டு இருந்தான்."

"சட்ட வந்துச்சுல்ல?" என்றார் தில்லைநாயகம். "நீலக்கோடு, செவப்புப் பொத்தான். என் உசுரு உள்ளமட்டும் மறக்காது."

"சட்ட வரும் மொதலாளி. அது எல்லாரு மேலயும் வரும்."

"என்னய்யா ஒளறுறாரு?" என்று ஏட்டு திரும்பினார்.

உக்கிரபாண்டி கருப்பையும், விளாங்குடியையும், கயிற்றையும் விளக்கினார். ஏட்டு பாதி கேட்கும்போதே சிரித்துவிட்டார். "ஒரு ஊரு ஆம்பளைக்கெல்லாம் நாலு சட்டையா?"

"அதுல ஒண்ணு காலர் கிழிஞ்சது அய்யா. சாவுக்குப் போறதுக்கு" என்றான் முத்திருளன்.

"அப்ப அன்னைக்கு இத யாரு போட்டா?"

சோணையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்னக்கொடி ஆத்தாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதலாளி, மொகத்தப் பாத்தீகளா?" என்று ஏட்டு தில்லைநாயகத்தைக் கேட்டார்.

"பாக்காம? இதே மொகந்தான்."

"சரி. பையா, சட்டையக் கழட்டு" என்றார் ஏட்டு. கட்டு அவிழ்ந்தது. நல்லகாமன் வெறும் மேலோடு நின்றான். "இப்பச் சொல்லுங்க."

தில்லைநாயகம் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சட்ட இல்லாம எப்படிய்யா சொல்றது?"

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்றான். காப்பி வந்தது. ஏட்டுக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "யோவ் குண்டு, நீ போடு."

முத்திருளன் காக்கியைக் கழற்றி நீலக்கோட்டுக்குள் நுழைந்தான். பொத்தான் எட்டவில்லை. தொப்பை பிதுங்கியது. அரிக்கேன் இருந்த தூணடியில் அவனை நிறுத்தினார்கள். தில்லைநாயகம் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண் சிவப்புப் பொத்தானில் போய் நின்றது.

"இவன்… இவனாத்தேன் இருக்கும். ஆமா, அன்னைக்கு மெத்துன்னு ஏதோ இடிச்சுச்சு."

"அட கருப்பா! நான் குடிச்ச கூழு இடிச்சிருக்கும் மொதலாளி!"

"பெருசு, நீ போடு" என்றார் ஏட்டு.

உக்கிரபாண்டிக்கு இது கௌரவக் குறைச்சல். ஆனாலும் போட்டார். மீசையை ஒருதரம் நீவிக்கொண்டு நின்றார்.

"மீச!" என்று தில்லைநாயகம் எழுந்துவிட்டார். "காதுல ஏதோ உரசுச்சுன்னு அன்னைக்கே சின்னான்கிட்டச் சொன்னேன். இந்த மீசதேன்!"

மூட்டை தூக்குகிற சின்னான் சாட்சியாக நிற்கப் பிடிக்காமல் நகர்ந்தான். ஏட்டுக்கு வாதம் மறந்துபோயிற்று. "சின்னான், நீதான் போடேன்" என்றார்.

"நான் இவுக மண்டி ஆளு அய்யா!"

"போடுறா."

சின்னான் போட்டுக்கொண்டு திரும்பினான். "ஆமா, இவந்தே" என்று தில்லைநாயகம் வாயெடுத்து, பாதியில் நிறுத்தினார். சந்து முழுக்கச் சிரிப்பு உருண்டது. எதிர்க்கடைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தில்லைநாயகத்துக்கு முகம் கறுத்தது.

"சிரிங்கய்யா. எனக்குத் தேவை ஒரு ஆளு. மொதல்ல மாட்டுனவன் இவன். இவனக் கொண்டுபோங்க. ஒரு ரேகைய உருட்டுனா ஊருக்கே புத்தி வரும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஏட்டு காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். மண்டிக்காரர் பெரிய இடம். யாரையாவது கொண்டுபோகாமல் ஸ்டேஷனுக்குத் திரும்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். "நட தம்பி" என்றார். நல்லகாமன் யாரையும் பார்க்கவில்லை. தன் வலதுகைக் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டான். அன்னக்கொடி அதைப் பார்த்தாள்.

"நாந்தே அறஞ்சேன்" என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னாள். சோணையம்மாள் அவள் தோளைப் பிடித்தாள். அவள் உதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கய்யாவுக்குக் காச்ச. நாந்தே வண்டி ஓட்டியாந்தேன். எங்க மயிலைய இவுக கொக்கியால குத்துனாக. கை போயிருச்சு."

யாரோ, "மச்சானக் காப்பாத்துதப்பா பிள்ள!" என்றான். மறுபடியும் சிரிப்பு.

"சின்னண்ணே, அந்தச் சட்டையத் தாங்க."

சின்னான் கழற்றிக் கொடுத்தான். அவள் சீலைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். இடதுகையாலேயே ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். சிவப்புப் பொத்தான் இரண்டு தரம் நழுவியது. முத்திருளன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கொண்டையை மறைத்து முண்டாசு சுற்றினாள். தூணடியில் போய் நின்று தில்லைநாயகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கை தானாகப் போய் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

ஏட்டு அந்தக் கையைப் பார்த்தார். கன்னத்துப் பத்தைப் பார்த்தார். பொத்தான் போட்ட இடதுகையைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"என்ன மொதலாளி? இந்த ஆளா?"

எதிர்க்கடைக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் தில்லைநாயகத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாள்.

"இதுவா?" என்றார் தில்லைநாயகம். "யோவ், வெளையாடுறீகளா? ஒரு பொட்டப்பிள்ள கையால அடி வாங்குறவனா நானு? இது இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சட்ட அதேதான்."

"இல்லங்கிறேன்ல? சத்தியமா இல்ல."

"நாந்தே மொதலாளி" என்றாள் அன்னக்கொடி. "மூட்டமேல விழுந்தீக. அரிக்கேன் ஆடுச்சு."

"ஏ பிள்ள, சும்மா இரு!" அவர் ஏட்டுப் பக்கம் திரும்பினார். "ஏட்டய்யா, இந்தச் சட்டையே இல்ல. அது வேற நீலம். கோடு இம்புட்டு அகலம். இதெல்லாம் வேற சட்ட. எல்லாரையும் போகச் சொல்லுங்க. வியாபாரம் கெடுது."

"அப்பப் பையன்?"

"அவனும் இல்ல. எவனும் இல்ல. நான் தடுக்கி விழுந்தேன்னு வச்சுக்கங்க."

"வச்சுக்கிறேன்" என்றார் ஏட்டு. எழுந்து முழங்காலை நீவிக்கொண்டார். போகிற வழியில் அன்னக்கொடியிடம் நின்று, "மாட்டுக்குக் காயம் ஆறிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது வண்டியில் அன்னக்கொடி சட்டையோடேயே உட்கார்ந்திருந்தாள். கழற்றத் தோன்றவில்லை. நல்லகாமன் எதிரே வெறும் மேலோடு குளிரில் கையைக் கட்டிக்கொண்டிருந்தான். விரல்கள் இப்போது விரிந்திருந்தன.

"நெசமாவே நீதானா?" என்றான் கடைசியில்.

"காலரு ஈரமுன்னு அப்பவே சொன்னேன்ல."

முன்னால் முத்திருளனுக்குத் தோள் குலுங்கியது. உக்கிரபாண்டி, "மாட்டப் பாத்து ஓட்டுறா" என்று அதட்டினார். ஆனால் அவருடைய மீசையும் ஆடியது. புளியமரம் தெரிந்ததும் ஆம்பளைகள் இரண்டு பேரும் பழக்கப்படி பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். சோணையம்மாள் மகளைப் பார்த்தாள். "நீயும் கழட்டுடி. விளாங்குடி வந்துருச்சு" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்திருக்குமே என்று இறங்கிப் போனாள்.

ஆவாரம்பட்டிக்காரர்கள் அந்த நீலக்கோட்டை அதன்பிறகு தொடவில்லை. கயிற்றில் அது மட்டும் தனியாகத் தொங்கியது. விருமாண்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அடுத்த வெங்காயம் வந்தபோதும் அவரால் எழ முடியவில்லை. வேறு மண்டிக்குப் போகலாமா என்று உக்கிரபாண்டி கேட்டார். "அந்த மொதலாளி பாத்த மூஞ்சிதான. இவ அங்கிட்டே போகட்டும்" என்றாள் சோணையம்மாள். நீலக்கோட்டை மகளுக்கு மாட்டி, அவளே முண்டாசைச் சுற்றிவிட்டாள். இடதுகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விடியுமுன்னே வண்டி சந்துக்குள் நுழைந்தது. சின்னான் அரிக்கேனைத் தூக்கிப் பார்த்தான். மூட்டைகளுக்கு நடுவே கொக்கியும் கையுமாக நின்ற தில்லைநாயகத்திடம் மெல்லப் போனான்.

"மொதலாளி, விளாங்குடி வந்துருச்சு. கன்னத்தப் பாத்துக்கங்க."

தில்லைநாயகம் அவனைத் திட்டவில்லை. கொக்கியை ஆணியில் மாட்டினார். போய், வலது பக்கம் சுவரோடு படும்படியாகப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.